சிரிக்கலாமா, சாமி?

மலர்க் குழுவினர் தொண்டியைப் பற்றி ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது, அவர்கள் மனதில் இருந்தது பழைய துறைமுகமும் பாண்டியர் காலத்துக் கப்பல்களும்தான் என்று எனக்குத் தெரியும். அதை எழுத நம் தமிழ்த்துறை நண்பர்கள் இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது கொஞ்சம் குறும்பான விஷயம். நம் பக்கத்துக் கத்தோலிக்கர் எதைப் பார்த்துச் சிரித்தார்கள், எந்தக் கூத்துக்கு விடிய விடியக் கண்விழித்தார்கள், எதைப் பார்க்கக் கூடாதென்று சாமிமார் தடுத்தார்கள், தடுத்த பிறகும் எதைப் போய்ப் பார்த்தார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இதெல்லாம் வரலாறா என்று டாக்டர் பட்டம் வாங்கிய தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம். ராஜாக்கள் எப்போது செத்தார்கள் என்பது மட்டும்தான் வரலாறு என்றால், நாம் பரீட்சை எழுதி மறந்த அன்றைக்கே அது முடிந்து போச்சு.

கத்தோலிக்கர் அல்லாத தோழர்களுக்காக இரண்டு வார்த்தை. நம் பக்கத்தில் பாதிரியாரைச் சாமியார் என்போம், சாமி என்று கூப்பிடுவோம். மாதா கோவிலும் கோவில்தான். அங்கே நடப்பது பூசை. தேவதூதன் சம்மனசு, பிசாசு பசாசு. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலம். அந்த நாற்பது நாளும் கல்யாணம் கிடையாது, கறி கிடையாது, சினிமா கிடையாது. கடைசியில் சொன்னதுதான் பையன்களுக்குப் பெரிய தபசு.

தொண்டிக்கு வடக்கே, பாம்பாற்றங்கரையில் ஓரியூர் இருக்கிறது. போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனில் 1647-இல் பிறந்து, மறவர் சீமையில் காவி கட்டிச் சந்நியாசி கோலத்தில் வேதம் போதித்த அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோ, 1693 பிப்ரவரி 4-ஆம் தேதி அங்கேதான் தலை வெட்டப்பட்டார். கிழவன் சேதுபதி காலம் அது. தடியத் தேவர் ஞானஸ்நானம் வாங்கி, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பியதில் வந்த வினை. 1947-இல் ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். இன்றைக்கும் அந்தச் செம்மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். இப்படி ரத்தத்தில் தொடங்கிய வேதத்தில் சிரிப்புக்கு எங்கே இடம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். 1701-இல் புதுச்சேரியில் சேசு சபையார் நடத்திய நாடகம் ஒன்றில், புனித ஜார்ஜியார் இந்து தெய்வச் சிலைகளை உடைப்பதாகக் காட்சி வைத்தார்கள் என்றும், சேதி தஞ்சாவூர் வரை போய்ச் சகஜி மன்னர் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் துன்புறுத்தப்பட அதுவும் ஒரு காரணம் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆடியவர்கள் பிரெஞ்சுக் கொடியின் நிழலில் இருந்தார்கள். அடி வாங்கியவர்கள் தஞ்சாவூர்ச் சீமைக் குடியானவர்கள். பள்ளிவாசலும் சிவன் கோவிலும் மாதா கோவிலும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நம் தொண்டிக் கரையில் வளர்ந்தவனுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கலவரம் நடந்து பத்து வருஷத்துக்குள் இத்தாலியிலிருந்து இன்னொரு சேசு சபைச் சாமியார் கப்பல் ஏறினார். பெயர் கொன்ஸ்தான்சோ பெஸ்கி. நமக்கு வீரமாமுனிவர். அவருடைய தேம்பாவணி 3,615 பாட்டு. சூசையப்பருக்குக் கம்பன் நடையில் ஒரு காவியம். சதுரகராதி 1732-இல் வந்தது. சென்னைக் கடற்கரையில் 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது சிலை வைத்ததும் இவற்றுக்காகத்தான். ஆனால் நம் பாட்டிமார்களுக்குத் தேம்பாவணியில் ஒரு பாட்டும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது பரமார்த்த குரு. எழுதினது யாரென்று தெரியாமலே தெரிந்து வைத்திருந்தார்கள், அதுதான் விசேஷம்.

குருவுக்கு ஐந்து சீடர்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறார்கள். சுர்ரென்கிறது, ஐயோ, விழித்திருக்கிறது என்று பின்வாங்குகிறார்கள். கடந்து வந்த பிறகு தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ணி, ஒருவர் ஆற்றோடு போய்விட்டார் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று காசு கொடுத்து வாங்குகிறார்கள். இதெல்லாம் எல்லோரும் அறிந்தது. எனக்குப் பிடித்தது பட்டியல் கதை.

குரு குதிரையில் போகும்போது தலைப்பாகை கிளையில் சிக்கிக் கீழே விழுகிறது. சீடர்கள் எடுக்கவில்லை. விழுந்ததை எடுக்க வேண்டாமா என்று குரு திட்டுகிறார். சரியென்று அடுத்தாற்போல் குதிரை போட்ட சாணத்தையும் பக்தியோடு எடுத்து வருகிறார்கள். இது ஆகாது, எதெது எடுக்கலாம் என்று எழுதித் தருகிறேன் என்று குரு ஓலையில் பட்டியல் போட்டுக் கொடுக்கிறார். கொஞ்ச தூரத்தில் குதிரை இடறி, குருவே பள்ளத்தில் தலைகீழாக விழுகிறார். சீடர்கள் ஓலையை வாசித்து, தலைப்பாகை, வேட்டி என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு குருவை அம்மணமாக விட்டுவிடுகிறார்கள். என்னைத் தூக்குங்கடா என்று அவர் கதறினால், தங்கள் பெயர் பட்டியலில் இல்லையே சுவாமி என்கிறார்கள். பள்ளத்தில் கிடந்தபடியே தம் பெயரையும் எழுதிக் கொடுத்த பிறகுதான் தூக்கிவிடுகிறார்கள்.

இதை ஒரு கத்தோலிக்கச் சாமியார் எழுதினார் என்பதை நின்று யோசிக்க வேண்டும். கதை முதலில் அச்சானது 1822-இல், லண்டனில். பெஞ்சமின் பாபிங்டன் என்பவர் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். தமிழ் கற்கவந்த வெளிநாட்டுச் சாமிமாருக்குப் பேச்சுத் தமிழ் வாசிப்புப் பாடமாகத்தான் பெஸ்கி இதை எழுதி, பக்கத்திலேயே லத்தீனும் கொடுத்திருந்தார். நாலு வருஷம் கழித்துப் பிரெஞ்சில் வெளியிட்ட அபே துபுவா என்ற சாமியார், இது பெஸ்கியின் சொந்தச் சரக்காக இருக்காது, நாட்டில் வழங்கிய கதைகள்தான் என்று சந்தேகப்பட்டார். இரண்டும் உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். கதைகள் ஊரில் கிடந்தன, கோர்த்தது அவர்.

குரு என்று அவர் யாரைக் கிண்டல் செய்தார்? இந்து மடாதிபதிகளை என்று ஒரு கட்சி சொல்வதுண்டு. நான் அவ்வளவு சுலபமாக ஒப்ப மாட்டேன். காவி கட்டி, சீடர் புடைசூழ, ஊர் ஊராகப் போகிற குரு என்றால் அன்றைய சேசு சபைச் சாமிமாரும் அப்படித்தான் போனார்கள். பெஸ்கியே அப்படித்தான் போனார். ஐந்து சீடர்களில் ஒருவன் பெயரைப் பாருங்கள்: மிலேச்சன். அந்நியனை ஏச வைத்திருந்த வார்த்தை அது. இத்தாலிக்காரர் தம்மையும் ஒரு மூலையில் உட்கார வைத்துக்கொண்டுதான் சிரித்திருக்கிறார். புதிதாகக் கப்பலில் வந்த இளம் சாமியார் தமிழ் படிக்க உட்கார்ந்தால், அவருக்குக் கிடைக்கும் முதல் பாடமே குருவானவன் எப்படியெல்லாம் முட்டாளாகலாம் என்பது. இதைவிட நல்ல பயிற்சி எந்தக் குருமடத்தில் உண்டு?

அதற்காகப் பெஸ்கி எல்லாரோடும் இப்படிச் சிரித்துப் பேசினார் என்று நினைக்க வேண்டாம். தரங்கம்பாடி லுத்தரன் சபையாரை மறுத்து அவர் எழுதிய வேத விளக்கம் முதலானவற்றில் சிரிப்பு இல்லை, மிளகாய்தான். சொந்த வீட்டைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவரும் பக்கத்து வீட்டைப் பார்த்தால் பல்லைக் கடித்திருக்கிறார்.

இனி ஊர்த் திடலுக்கு வருவோம். ஐரோப்பாவில் சேசு சபைக் கல்லூரிகள் நாடகத்துக்குப் பேர்போனவை. ஆனால் 1599-இல் அவர்கள் வகுத்த கல்வி விதியில் நாடகம் லத்தீனில் இருக்க வேண்டும், பக்தி விஷயமாக இருக்க வேண்டும், எப்போதாவதுதான் நடக்க வேண்டும், பெண் பாத்திரமோ பெண் வேஷமோ கூடாது என்று எழுதி வைத்தார்கள். நம் ஊரில் அந்த நாலையும் காற்றில் விட்டார்கள். தமிழில் ஆடினார்கள், இரண்டு மூன்று ராத்திரி ஆடினார்கள், மீசையை எடுத்துவிட்டு மாதாவாகவும் ராணியாகவும் ஆண்களே வந்தார்கள். பக்தி மட்டும் மிச்சம். அதிலும் கட்டியகாரன் புகுந்துவிட்டான்.

இந்தக் கூத்துக்கு வாசகப்பா என்று பெயர், வாசாப்பு என்றும் சொல்வார்கள். சொல்லிக் கொடுப்பவர் அண்ணாவியார். நம் கரையில் மட்டுமா? கடலுக்கு அந்தப் பக்கம் மன்னார், யாழ்ப்பாணக் கத்தோலிக்க ஊர்களில் இது இன்னும் செழிப்பாக இருந்தது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் மன்னார்ப் பக்கத்து நாடகங்களைத் தேடிப் பதிப்பித்தார்: மூவிராசாக்கள் நாடகம், ஞானசவுந்தரி நாடகம், என்றிக் எம்பரதோர் நாடகம். எம்பரதோர் என்றால் என்ன என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சக்கரவர்த்திக்குப் போர்த்துக்கீசிய வார்த்தை, தமிழ் நாக்கில் விழுந்து அப்படி ஆகிவிட்டது. இரண்டு கரைக்கும் நடுவே வள்ளப் போக்குவரத்து இருந்த காலம் அது. கச்சத்தீவு அந்தோனியார் கோவிலைக் கட்டியவராகச் சொல்லப்படும் சீனிக்குப்பன் படையாட்சி நம் தொண்டியை ஒட்டிய நம்புதாளைக்காரர்தானே. சரக்கும் சம்பந்தமும் போன வழியில் பாட்டும் போயிருக்கும்.

கட்டியகாரன் வேலை ராஜா வருகிறார் என்று கட்டியம் கூறுவது. பேருக்குத்தான் அந்த வேலை. ராஜா உள்ளே வேஷம் கட்டி முடிக்கும் வரை திடல் அவன் கையில். ஏரோது ராஜா கொலுவுக்கு வருகிறார், கடன் பாக்கி கேட்க வந்தவர்கள் நாளைக்கு வரவும் என்கிற மாதிரி ஆரம்பித்து, மீன் தரகரை இழுப்பான், கோவில் வரி வசூலிக்கிற உபதேசியாரை இழுப்பான், கடைசியில் பிரசங்கத்தில் கை வைப்பான். முன்வரிசையில் நாற்காலி போட்டுப் பங்குச் சாமியார் உட்கார்ந்திருப்பார். நான் சிறுவனாகப் பார்த்ததில் மறக்காதது இதுதான்: பிரசங்கத்தைக் கிண்டல் செய்கிற இடம் வந்ததும் சனங்கள் யாரும் உடனே சிரிக்க மாட்டார்கள். எல்லார் கண்ணும் அந்த நாற்காலிக்குப் போகும். சாமியாரின் தோள் குலுங்கினால் போதும், திடலே வெடித்துவிடும். சிரிக்கலாமா சாமி என்று வாயால் யாரும் கேட்டதில்லை. கேள்வி மட்டும் அந்த அரை நிமிஷம் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்.

எல்லாச் சாமியாரின் தோளும் குலுங்காது. ஒரு வருஷம் புதிதாக வந்தவர் பாதிக் கூத்தில் எழுந்து விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டார். அண்ணாவியார் மூன்று ஞாயிறு பூசைக்கு வரவில்லை. நாலாவது ஞாயிறு வந்தார், கூத்து வரவில்லை. அடுத்த திருவிழாவுக்கு ஒலிபெருக்கி செட்டும் திரை கட்டிச் சினிமாவும் வந்தன.

இந்தக் குலுங்காத தோள் நம் ஊருக்கு மட்டும் சொந்தமில்லை. மத்திய கால பிரான்சில் கோவிலுக்குள்ளேயே முட்டாள்கள் திருவிழா என்று ஒன்று நடத்தி, கீழ்நிலைக் குருக்கள் மேற்றிராணியாருக்குப் போலி வேஷம் போட்டு ஆடினார்கள். 1435-இல் பாசல் சங்கம் அதைக் கண்டித்தது. ஜெர்மானிய நாடுகளில் ஈஸ்டர் பிரசங்கத்தில் சனங்களைச் சிரிக்க வைப்பதற்கென்றே சாமிமார் கதை சொன்னார்கள். நாற்பது நாள் தபசுக்குப் பிறகு அது உரிமை என்று நினைத்தார்கள். அதற்கும் கண்டனம் வந்தது. கண்டனங்கள் எழுதி வைக்கப்பட்டதால்தான் அவர்கள் சிரித்தார்கள் என்பதே நமக்குத் தெரிகிறது!

ஞானசவுந்தரி கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சிற்றன்னை கொடுமையால் கை வெட்டப்பட்ட பெண்ணுக்கு மாதா கை கொடுக்கும் கதை. வாசாப்பாக இருந்ததைச் சங்கரதாஸ் சுவாமிகள் மேடை நாடகமாக்கினார். அது நம் மதுரை, புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்து ஸ்பெஷல் நாடக வட்டத்துக்குள் வந்ததும், வள்ளி திருமணத்துக்கு வருகிற அதே பபூன் இதற்கும் வந்துவிட்டார். முதல் காட்சியில் அவர் ஆட்டக்காரியோடு அடிக்கிற கூத்தைப் பார்த்துவிட்டு, விடியற்காலையில் மாதா கை கொடுக்கும்போது அழுதுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். இரண்டும் ஒரே ராத்திரியில், ஒரே பாயில் உட்கார்ந்து. 1948-இல் இதே கதையை ஜெமினியும் சிட்டாடலும் போட்டி போட்டுப் படமாக்கினார்கள். ஜோசப் தளியத் தயாரித்து, எஃப். நாகூர் இயக்கி, எம்.வி. ராஜம்மாவும் டி.ஆர். மகாலிங்கமும் நடித்த சிட்டாடல் படம்தான் ஓடியது. ஜெமினி வாசன் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். கதை கத்தோலிக்கக் கதை. கூட்டம் எல்லாச் சாதி, எல்லா மதம். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை கம்பெனி போட்ட ஏசுநாதர் நாடகத்துக்கும் அப்படித்தான்.

அந்த நேரத்தில் ரோமாபுரி என்ன செய்துகொண்டிருந்தது? பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. 1936 ஜூனில் பதினோராம் பத்திநாதர் சினிமாவைப் பற்றி ஒரு சுற்றுமடலே எழுதினார். ஒவ்வொரு நாட்டிலும் மேற்றிராணிமார் அலுவலகம் வைத்துப் படங்களைத் தரம் பிரிக்க வேண்டும் என்றார். அமெரிக்காவில் அதற்கு முன்பே கண்ணிய சேனை என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு கிளம்பி, இன்ன படம் பார்க்கலாம், இன்னது பாவம் என்று வகுத்தது. வருஷா வருஷம் டிசம்பரில் கோவிலில் எழுந்து நின்று சனங்கள் உறுதிமொழி எடுத்தார்கள். இமயமலையில் கன்னியர் மடம் ஒன்றைக் காட்டிய பிளாக் நார்சிசஸ் படம் 1947-இல் வந்து, அந்தச் சேனையின் கண்டனத்தில் மாட்டி, வெட்டுப்பட்டுத்தான் அமெரிக்காவில் ஓடியது. மைசூர் யானைப்பாகன் மகன் சாபு அதில் நடித்திருந்தார் என்பது நமக்குக் கூடுதல் சேதி.

நம் விடுதித் தோழர்களுக்குப் பட்டியல் என்றால் வேறு ஞாபகம் வரும். சனிக்கிழமைப் பாஸில் எந்தப் படம் என்று எழுத வேண்டும். எழுதுவது ஒன்று, பார்ப்பது ஒன்று. கூடாது என்று வார்டன் சொன்ன படத்துக்குத்தான் டிக்கெட் கிடைக்காது, ஏனென்றால் பாதி விடுதி முன்னாலேயே வரிசையில் நிற்கும். உலகம் முழுக்கப் பட்டியல்களுக்கு இதே கதிதான்.

அந்தப் பட்டியல்களுக்கும் வயதானது. தடை செய்யப்பட்ட புத்தகப் பட்டியலை 1966-இல் ரோமாபுரியே கைவிட்டது. லூயி புனுவேலின் விரிதியானா படத்தை 1961-இல் வத்திக்கான் பத்திரிகை கண்டித்தது; இத்தாலிய இயக்குநர் பசோலினி மதத்தை அவமதித்தார் என்று 1963-இல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். 1995-இல் சினிமாவுக்கு நூறு வயதானபோது வத்திக்கான் 45 நல்ல படங்களுக்கு ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் அதே பசோலினியின் மத்தேயு நற்செய்திப் படமும் உண்டு, அதே புனுவேலின் நசரீன் படமும் உண்டு. பள்ளத்தில் கிடந்தவர்களின் பெயரைப் பின்னால் சேர்த்து எழுதித் தூக்கிவிட்டார்கள். பரமார்த்த குரு ஞாபகம் வந்தால் என்மேல் குற்றமில்லை.

நம் மாநிலத்திலோ 2006-இல் வேறு மாதிரி நடந்தது. டாவின்சி கோட் படத்துக்குத் தணிக்கை வாரியம் அனுமதி கொடுத்த பிறகும் தமிழக அரசு தடை போட்டது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தடையை நீக்கியது. படம் சுமார்தான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தடையில்லாமல் விட்டிருந்தால் இவ்வளவு பேர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

2024 ஜூன் 14-ஆம் தேதி போப் பிரான்சிஸ் பல நாட்டு நகைச்சுவைக் கலைஞர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்களை வத்திக்கானுக்கு அழைத்துப் பேசினார். கடவுளைப் பார்த்தும் சிரிக்கலாம், நாம் நேசிக்கிறவர்களைக் கிண்டல் செய்வது போலத்தான் அது, தேவதூஷணம் ஆகாது என்ற பொருளில் சொன்னார். விசுவாசிகளின் மனதை, அதிலும் ஏழைகளின் மனதைப் புண்படுத்தாமல் என்பதையும் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஏப்ரலில் அவர் காலமானார். சேதியைப் பத்திரிகையில் படித்தபோது எனக்கு அந்த அண்ணாவியார்தான் நினைவுக்கு வந்தார். அவருக்கு அந்தப் பதில் கிடைக்க அறுபது வருஷம் ஆகிவிட்டது.

அவர் வைத்திருந்த நோட்டு இப்போது எங்கே என்று தெரியவில்லை. பாட்டெல்லாம் அதில் இருந்தது. கட்டியகாரன் பேச்சு மட்டும் எழுதவே இல்லை, வருஷத்துக்கு வருஷம் அவன் வாய்க்கு வந்தபடி. ஏரோதுவும் சம்மனசும் பேசினது அச்சிலாவது மிஞ்சும். உபதேசியாரைக் கேலி செய்த பேச்சு, கேட்டவர்கள் போனால் போச்சு. ஆகவே, தோழர்களே, உங்கள் ஊரில் பழைய வாசாப்பு நோட்டு, ஏடு, திருவிழா நோட்டீஸ் எதுவாவது பரணில் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிரதி எடுத்து மலர்க் குழுவிடம் ஒன்று கொடுங்கள். கட்டியகாரன் வேஷம் கட்டிய பெரியவர் யாராவது இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்து வாருங்கள். முதலில் ஒன்றும் ஞாபகமில்லை என்றுதான் சொல்வார். எந்தச் சாமியார் காலத்தில் ஆடினீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், அப்புறம் நிறுத்த முடியாது.